தீர்மானமும் பெறுபேறும்

(நூற்றாண்டு விழாவையொட்டிக் கொழும்பில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரையை ஆற்றும்படி சங்கத்தினர் கேட்டபோது ஒரு நிபந்தனையும் விதித்தார்கள். "நீர் டொக்டர் என்பதற்காக வருத்தங்களின் பெயர்களை அடுக்கி எங்களைப் பயப்படுத்தக் கூடாது" என்றார்கள். நிபந்தனையை முழுவதும் காப்பாற்றுவேன் என்று சொல்ல மாட்டேன். கடைசிப் பத்து நிமிடங்களில் கொஞ்சம் மீறுவேன். அதுவரை எங்கள் எல்லோருக்கும் பழக்கமான ஒரு சொல்லைப் பற்றிப் பேசுகிறேன். அந்தச் சொல் பெறுபேறு.

புலமைப்பரிசில், சாதாரணதரம், உயர்தரம் என்று பள்ளி வாழ்வு முழுவதும் பெறுபேறுகளுக்காகக் காத்திருந்தவர்கள் நாங்கள். பள்ளியை விட்ட பிறகும் அது எங்களை விடுவதில்லை. ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு தீர்மானம் எடுக்கிறோம். அதற்கு ஒரு பெறுபேறு வருகிறது. அடுத்த தடவை அதே நிலைமை வரும்போது முன்னைய பெறுபேற்றை மூளை எடுத்துப் பார்த்துக்கொள்கிறது. எந்தக் கடையில் மீன் வாங்குவது, காலி வீதியால் போவதா மரைன் டிரைவால் போவதா, எந்த உறவினரிடம் உதவி கேட்பது, எந்த நோவைப் பொறுத்துக்கொள்வது என்று நாங்கள் "யோசித்துச் செய்தோம்" என்று நினைக்கும் பல காரியங்களில் பாதிக்கு மேல் இந்தப் பழைய கணக்கின் வேலைதான். அந்தக் கணக்கை மூளை எப்படி வைத்திருக்கிறது, அது எங்கே பிழைக்கிறது என்பவையே இன்றைய விடயம்.

பூனையிலிருந்து தொடங்குவோம்

1898ஆம் ஆண்டு அமெரிக்காவில் எட்வர்ட் தோர்ன்டைக் என்ற ஆய்வாளர் பசித்த பூனைகளை ஒரு பெட்டிக்குள் அடைத்து, வெளியே உணவை வைத்தார். உள்ளே இருக்கும் ஒரு கயிற்றையோ நெம்பையோ அசைத்தால் கதவு திறக்கும். பூனை முதலில் கீறும், கடிக்கும், சுற்றும், தற்செயலாகக் கயிற்றில் கால் படும், கதவு திறக்கும். மறுபடியும் மறுபடியும் அடைத்தபோது வெளியே வர எடுத்த நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பூனைக்குத் திடீரென்று ஞானம் பிறக்கவில்லை. பயனற்ற அசைவுகள் மெல்ல உதிர்ந்தன, பயன் தந்த அசைவு மட்டும் நிலைத்தது. நல்ல விளைவைத் தந்த செயல் வலுப்பெறும், தீய விளைவைத் தந்த செயல் வலுவிழக்கும் என்று தோர்ன்டைக் இதைச் சுருக்கிச் சொன்னார். எங்கள் அம்மம்மாமார் பள்ளிக்கூடம் போகாமலே அறிந்திருந்த விடயம்தான். "சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது" என்று அவர்கள் சொன்னதும் பூனையை வைத்துத்தான்.

ஆனால் பூனையின் தலைக்குள் இதை எழுதி வைப்பது எது என்பது தெரிய இன்னும் பல காலம் எடுத்தது. அந்தக் கதையின் ஒரு துண்டு எங்களுக்கு மிக அருகில், சென்னையில் இருக்கிறது. 1937இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். தோலில் பட்டால் கடிக்குமே, அதே பூனைக்காலிதான். அந்தப் பொருளை இன்று எல்-டோபா என்கிறோம். மூளைக்குள் போனதும் அது டோபமைன் ஆக மாறும். டோபமைனுக்கு மூளையில் தனியான வேலை உண்டு என்பதை 1957இல் சுவீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன் காட்டினார். அதற்காக 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமைன் குறைந்திருப்பதை 1960இல் வியன்னாவில் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு எல்-டோபா அந்த நோய்க்கு மருந்தானது. கை நடுங்கி, நடை குறுகி இருக்கும் எங்கள் பெற்றோர் பலர் இன்றைக்கும் குடிக்கும் குளிசை அது.

எதிர்பார்த்ததும் கிடைத்ததும்

டோபமைன் என்றால் இன்பம் தரும் இரசாயனம் என்று பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அது முழுச் சரியல்ல. 1990களில் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் குரங்குகளின் டோபமைன் கலங்கள் ஒவ்வொன்றும் எப்போது துடிக்கின்றன என்று அளந்து பார்த்தார். குரங்குக்கு எதிர்பாராமல் ஒரு துளி பழச்சாறு கொடுத்தால் அந்தக் கலங்கள் வேகமாகத் துடித்தன. பின்னர், சாறு வருவதற்குச் சற்று முன்னர் ஓர் அடையாளம் காட்டினார்கள். சில நாட்களில் குரங்கு அதைப் பழகிக்கொண்டது. இப்போது கலங்கள் அடையாளத்தைக் கண்டதும் துடித்தன. சாறு வந்தபோது பேசாமல் இருந்தன. சாறு அதே சாறு, இனிப்பும் அதே இனிப்பு. ஆனால் அது எதிர்பார்த்த சாறு. மூன்றாவதாக, அடையாளத்தைக் காட்டிவிட்டுச் சாற்றைக் கொடுக்காமல் விட்டார்கள். சாறு வந்திருக்க வேண்டிய அந்த நொடியில் கலங்களின் துடிப்பு வழமையான அளவுக்கும் கீழே விழுந்தது.

1997இல் ஷுல்ட்ஸ், பீட்டர் டயான், ரீட் மொன்டேக்யூ மூவரும் சேர்ந்து இதன் பொருளை விளக்கினார்கள். இந்தக் கலங்கள் கிடைத்ததை அளப்பதில்லை. கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை அளக்கின்றன. எதிர்பார்த்ததைவிடக் கூடக் கிடைத்தால், அதற்கு முன் செய்த செயலின் மதிப்பை மூளை கூட்டுகிறது. குறையக் கிடைத்தால் குறைக்கிறது. எதிர்பார்த்தபடியே கிடைத்தால் கணக்கில் மாற்றம் இல்லை.

இதைப் பள்ளிக்கூடக் கணக்காகப் பார்த்தால் விளங்கும். இரண்டு பிள்ளைகள் கணிதத்தில் 75 புள்ளி எடுக்கிறார்கள். ஒருத்தி 60ஐ எதிர்பார்த்தவள், மற்றவள் 90ஐ எதிர்பார்த்தவள். புள்ளித்தாளில் இருவருக்கும் ஒரே இலக்கம். மூளையில் முதலாவது பிள்ளைக்குக் கூட்டல் 15, இரண்டாவது பிள்ளைக்குக் கழித்தல் 15. முதலாமவள் அடுத்த தவணைக்கும் அதே முறையில் படிப்பாள். இரண்டாமவள் தன் முறையையே சந்தேகிப்பாள். ஆசிரியைகள் இருவரிடமும் ஒரே வார்த்தையைச் சொன்னாலும் இரண்டு வேறு பாடங்கள்தான் போய்ச் சேருகின்றன.

பாராட்டும் கண்டிப்பும்

இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பல வீடுகளுக்குப் பயன்படும். 2004இல் மைக்கேல் ஃபிராங்க் என்பவரும் அவருடைய குழுவினரும் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு ஒரு தெரிவு விளையாட்டுக் கொடுத்தார்கள். மருந்து குடிக்காத நிலையில் அவர்கள் பிழைத்த தெரிவுகளிலிருந்து நன்றாகக் கற்றார்கள்; எதைத் தவிர்க்க வேண்டும் என்பது மனதில் பதிந்தது. மருந்து குடித்த நிலையில் வென்ற தெரிவுகளிலிருந்து நன்றாகக் கற்றார்கள். ஆனால் தோல்வி அவ்வளவாகப் பதியவில்லை. வெற்றியிலிருந்து கற்பதும் தோல்வியிலிருந்து கற்பதும் மூளையில் ஒரே பாதையில் நடப்பதில்லை என்பதும், டோபமைனின் அளவு கூடிக் குறைய எந்தப் பாதை மேலோங்கும் என்பதும் மாறும் என்பதும் இதிலிருந்து தெரிகின்றன.

இதனால்தான் டோபமைனைப் போலச் செயற்படும் சில பார்க்கின்சன் மருந்துகளை எடுப்பவர்களில் சிலருக்கு, வாழ்நாளில் சீட்டுக்கட்டைத் தொடாதவர்களுக்கும், சூதாட்டத்திலோ லொத்தர் சீட்டிலோ பொருள் வாங்கிக் குவிப்பதிலோ அடக்க முடியாத நாட்டம் வருகிறது. தோற்ற சீட்டுகள் பாடம் சொல்லாமல் போகின்றன. வீட்டில் அப்பாவுக்கு அப்படி ஒரு மாற்றம் தெரிந்தால் "இந்த வயதில் இதென்ன புத்தி" என்று அவரை ஏசாதீர்கள். மருந்தைத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். மருந்து எழுதிய வைத்தியரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். மருந்தை மாற்ற வழி உண்டு.

முதலாவது குறை: பெறுபேற்றை வைத்துத் தீர்மானத்தை எடைபோடுவது

இவ்வளவு திறமையான ஆசிரியரிடம் இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, மூளைக்குப் பெறுபேறு தெரியும், தீர்மானத்தின் தரம் தெரியாது. நல்ல தீர்மானத்துக்கும் கெட்ட பெறுபேறு வரலாம். முட்டாள்தனமான தீர்மானமும் அதிர்ஷ்டத்தால் தப்பலாம். தலைக்கவசம் போடாமல் மோட்டார் சைக்கிளில் போய் ஆயிரம் முறை பத்திரமாக வீட்டுக்கு வந்தவரின் மூளை, அது பாதுகாப்பான செயல் என்று ஆயிரம் முறை எழுதி வைத்திருக்கும்.

1988இல் ஜொனதன் பரன், ஜோன் ஹேர்ஷி என்ற இருவர் ஓர் ஆய்வு செய்தார்கள். இருதயச் சத்திரசிகிச்சை செய்வதா இல்லையா என்று ஒரு வைத்தியர் எடுத்த தீர்மானத்தை எழுதி, அது எவ்வளவு நல்ல தீர்மானம் என்று மதிப்பிடச் சொன்னார்கள். நோயாளியின் நிலையும் ஆபத்தின் அளவும் எல்லாத் தாள்களிலும் ஒன்றுதான். சில தாள்களில் நோயாளி பிழைத்தார், சிலவற்றில் இறந்தார். அவ்வளவுதான் வித்தியாசம். நோயாளி இறந்த தாளைப் படித்தவர்கள் அதே தீர்மானத்துக்குக் குறைந்த மதிப்புக் கொடுத்தார்கள்.

இதை நான் இங்கே சொல்வதற்கு வைத்தியத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. எங்கள் சமூகத்தில் பல வீடுகளில் இன்னும் தீராத ஒரு வழக்கு இருக்கிறது. 1958 கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பல் ஏறிக் காங்கேசன்துறைக்குப் போய், நிலைமை தணிந்ததும் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் திரும்பி வந்த குடும்பங்கள் உண்டு. 1977இலும் அஞ்சினார்கள், பிறகு வாழ்க்கை பழைய ஓட்டத்துக்குத் திரும்பியது. "கொஞ்ச நாள் பொறுத்தால் சரியாகிவிடும்" என்ற பாடத்தை அந்தத் தலைமுறையின் மூளைகள் இரண்டு முறை படித்திருந்தன. 1983 யூலையில் அந்தப் பாடம் பொய்த்தது.

அதற்குப் பிறகு சிலர் போனார்கள், சிலர் இருந்தார்கள். என் வயதினருக்கு அது பெரும்பாலும் கேட்டு வளர்ந்த கதை. ஆனால் அந்தத் தீர்மானங்களுக்குத் தீர்ப்புச் சொல்வதில் எங்கள் தலைமுறைக்குத் தயக்கமே இல்லை. டொரொன்டோவில் இருக்கும் மகள், "அப்பா ஏன் 77இலேயே வெளிக்கிடவில்லை?" என்று கேட்கிறாள். இன்னொரு வீட்டில் மகன், "வெள்ளவத்தையில் இருந்த காணியை ஏன் அந்த விலைக்குக் கொடுத்தீர்கள்? இன்றைக்கு அதன் விலை என்ன தெரியுமா?" என்று கேட்கிறான். இருந்தவரையும் குற்றம் சொல்கிறோம், போனவரையும் குற்றம் சொல்கிறோம். இரண்டு கேள்விகளும் பிறகு வந்த பெறுபேற்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கப்படுகின்றன. அவர்களிடம் அன்று அந்தத் தாள் இருக்கவில்லை. கைக்குழந்தை, வயதான மாமியார், மாதச் சம்பளம், ஒரு வீடு, வானொலிச் செய்தி, பக்கத்து வீட்டுக்காரரின் ஒரு வார்த்தை, இவ்வளவுதான் இருந்தன. அந்தப் பொழுதில் அவர்களுக்குத் தெரிந்ததை வைத்து அவர்கள் எடுத்த தீர்மானம் சரியா என்பதே நேர்மையான கேள்வி. அப்படிக் கேட்டால் பல அம்மாமாருக்கும் அப்பாமாருக்கும் நாற்பது வருடமாகக் கிடைக்காத விடுதலை கிடைக்கும். எங்களுக்கும் கிடைக்கும்.

இது செய்ய முடியாத காரியம் அல்ல. எங்கள் நாட்டின் சுகாதாரத் துறை இதைச் செய்கிறது. பிரசவத்தோடு தொடர்புடைய ஒவ்வொரு தாயின் மரணமும் இலங்கையில் தனித்தனியாக ஆராயப்படுகிறது. எந்த நேரத்தில் எந்த அறிகுறி இருந்தது, யாருக்கு என்ன தெரிந்திருந்தது, எங்கே தாமதம் ஏற்பட்டது என்று கேட்கிறார்கள். ஒருவரைப் பிடித்துத் தண்டிப்பது அதன் நோக்கம் அல்ல, அடுத்த தாயைக் காப்பாற்றுவதே நோக்கம். தாய் மரணம் மிகக் குறைந்த தெற்காசிய நாடுகளில் இலங்கையும் ஒன்றாக இருப்பதற்கு, பெறுபேற்றிலிருந்து இப்படி முறையாகக் கற்றதும் ஒரு காரணம்.

இரண்டாவது குறை: ஒன்றும் நடக்காததற்குப் புள்ளி இல்லை

இரண்டாவது குறைதான் ஒரு வைத்தியராக என்னை அதிகம் வாட்டுவது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் வித்தியாசம் இருந்தால்தான் மூளை கற்கும் என்றேன். அப்படியானால் ஒரு நல்ல தீர்மானத்தின் பெறுபேறே "ஒன்றும் நடக்கவில்லை" என்பதாக இருந்தால் என்ன ஆகும்? மூளை அதற்குப் புள்ளி கொடுக்காது.

வெள்ளவத்தைக்காரருக்குக் கடலை வைத்தே சொல்லலாம். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடல் உள்வாங்கியபோது அதை வேடிக்கை பார்க்கப் பலர் கரைக்குப் போனார்கள். அவர்களின் மூளையில் அந்தக் காட்சிக்குப் பழைய கணக்கு ஏதும் இருக்கவில்லை. 2012 ஏப்ரல் 11இல், புத்தாண்டுக்கு இரண்டு நாட்களே இருந்தபோது, சுமத்திரா அருகே 8.6 அளவில் பூமி அதிர்ந்தது. எச்சரிக்கை வந்தது. எங்கள் கரையோர மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த நிலநடுக்கத்தில் கடலடி நிலம் பெரும்பாலும் பக்கவாட்டாகவே நகர்ந்ததால் பேரலை எழவில்லை. ஓடியவர்கள் களைத்துப்போய்த் திரும்பி வந்தார்கள். அவர்கள் எடுத்தது மிகச் சரியான தீர்மானம். ஆனால் மூளையின் கணக்கில் அது "சும்மா ஓடினோம்" என்றே பதியும். அடுத்த முறை கால் கொஞ்சம் தாமதிக்கும்.

தனி மனிதர் மட்டுமல்ல, ஒரு நாடே இப்படிப் பிழை விடலாம். 1934, 35இல் இந்தத் தீவில் மலேரியாவால் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். பின்னர் வீடு வீடாக மருந்து தெளித்து, இரத்தம் பரிசோதித்து, 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளிகளே என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். உலகம் வியந்த வெற்றி அது. நோய் கண்ணில் படாமல் போனதும் தெளிப்பதும் தேடுவதும் தளர்ந்தன. சில வருடங்களிலேயே மலேரியா திரும்பி வந்தது. 1969இல் மட்டும் நோயாளிகள் ஐந்து இலட்சத்துக்கும் மேல். மறுபடியும் அரை நூற்றாண்டு பாடுபட்டு, 2016இல்தான் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார நிறுவனத்திடம் பெற்றோம். நுளம்பு இன்னும் இங்கேதான் இருக்கிறது. ஆகவே இன்றும் சிலர் ஒவ்வொரு நாளும் ஒன்றும் நடக்காமல் இருப்பதற்காக வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். டெங்குவிலும் இதே பாடம்தான். 2017இல் 180,000க்கும் மேற்பட்டோருக்கு நோய் வந்தபோது கொட்டாஞ்சேனையில் பீலிகளைத் துப்புரவாக்காத வீடு குறைவு. நோய் தணிந்ததும் பீலியில் மறுபடியும் இலை நிறைகிறது.

இப்போது நிபந்தனையை மீறுகிறேன். என் வகுப்புத் தோழிகளுக்கு இப்போது நாற்பத்துச் சொச்சம் வயது. இந்த வயதில் எங்கள் உடம்புக்கு நாங்கள் செய்ய வேண்டிய காரியங்களில் முக்கால்வாசியின் நல்ல பெறுபேறு "ஒன்றும் நடக்கவில்லை" என்பதுதான்.

பிரஷர் குளிசையை எடுத்துக்கொள்ளுங்கள். உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் நோவைத் தராது. குளிசை குடித்தாலும் உடம்பில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஒரு மாதம் விட்டுப் பார்க்கிறார்கள். அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. காசும் கரைச்சலும் மிச்சம். குளிசையை விடுவது நல்ல தீர்மானம் என்று மூளை எழுதிக்கொள்கிறது. சில வருடங்கள் கழித்துப் பாரிசவாதம் வரும்போது, அதை அந்த முதல் மாதத்தோடு இணைக்கும் ஆற்றல் இந்தக் கணக்குக்கு இல்லை. செயலுக்கும் விளைவுக்கும் இடையே நொடிகளோ நிமிடங்களோ இருந்தால் அது நன்றாக இணைக்கும். வருடங்கள் இருந்தால் திணறும்.

மார்பில் கட்டி தென்பட்டால், "போன முறையும் ஒன்றுமில்லை என்றுதானே சொன்னார்கள்" என்று தள்ளிப்போடுகிறோம். போன முறை ஒன்றுமில்லை என்பது போன முறையின் பெறுபேறு. இந்தக் கட்டியைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. இலங்கைப் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். நேரத்தோடு கண்டுபிடித்தால் குணமாக்கக்கூடியது. காட்டிவிட்டு "ஒன்றுமில்லை" என்று கேட்டு வீட்டுக்கு வந்தால், அன்று நேரம் வீணானதாக நினைக்காதீர்கள். நீங்கள் போனது அந்தச் சொல்லைக் கேட்கத்தான்.

1996இலிருந்து இந்த நாட்டில் சுகவனிதையர் கிளினிக்குகள் நடக்கின்றன. வருத்தம் இல்லாத பெண்கள் வருவதற்காகவே ஏற்படுத்தப்பட்டவை. 35 வயதிலும் 45 வயதிலும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்குப் போக வேண்டும். உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள், பணம் வேண்டியதில்லை. 2017இலிருந்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி பள்ளிகளிலேயே போடப்படுகிறது. இன்றைக்குக் கை நோகிறது என்று அழும் பதினொரு வயதுப் பிள்ளைக்கு அதன் பெறுபேறு முப்பது, நாற்பது வருடங்களுக்குப் பிறகுதான். அப்போதும் அது "வரவில்லை" என்ற பெறுபேறாகவே இருக்கும். அந்தக் கணக்கை அவளுடைய மூளையால் எழுத முடியாது. சம்மதக் கடிதத்தில் கையொப்பம் இடும் அம்மாதான் எழுத வேண்டும்.

மற்றவர்களின் பெறுபேறு

இந்த இரண்டு குறைகளுக்கும் மருந்து உண்டா? உண்டு. மனிதருக்கு மட்டும் வாய்த்த மருந்து அது. பூனை தன் காலால் கற்றதை அடுத்த பூனைக்குச் சொல்ல முடியாது. எங்களால் முடியும்.

இந்தோனேசியாவில் சிமிலுவே என்று ஒரு தீவு. 2004 நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்தது. ஏறக்குறைய 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். 1907இல் அங்கே ஒரு பேரலை வந்து பலரைக் கொண்டுபோனது. அன்று தப்பியவர்கள் அதற்கு ஸ்மொங் என்று பெயர் வைத்து, நிலம் பலமாக ஆடிக் கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு என்று பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். 2004இல் ஓடியவர்களில் பெரும்பாலானோர் தங்கள் வாழ்நாளில் ஸ்மொங்கைக் கண்டதே இல்லை. பாட்டிமாரின் பெறுபேற்றைக் கடன் வாங்கித் தீர்மானம் எடுத்தார்கள்.

ஒரு பள்ளிக்கூடம் என்பதும் இதற்குத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நூறு வருடங்களாக எத்தனையோ பெண்கள் இந்தப் படிகளில் ஏறி இறங்கியிருக்கிறார்கள். அவர்கள் எடுத்த தீர்மானங்களின் பெறுபேறுகள் இன்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இலண்டனிலும் மெல்பேர்னிலும் சிதறிக் கிடக்கின்றன. படிப்பை நிறுத்திவிட்டுத் திருமணம் செய்தவர், திருமணத்தைப் பிற்போட்டுப் படித்தவர், நாட்டை விட்டவர், விடாதவர், நாற்பது வயதில் புதிய தொழில் தொடங்கியவர், வன்முறையான வீட்டை விட்டு வெளியே வந்தவர் என்று எல்லோரும் எங்களுக்குள் இருக்கிறார்கள். விழா மலர்களில் நாங்கள் பெரும்பாலும் பெறுபேறுகளை மட்டும் எழுதுகிறோம்: பட்டம், பதவி, விருது. இன்னாருக்கு என்ன கிடைத்தது என்பது அதில் இருக்கும். அவர் எதை எதிர்பார்த்தார், என்ன தெரிந்திருந்தது, எதைத் தெரியாமல் துணிந்தார் என்பது இருக்காது. இளைய பிள்ளைகளுக்கு உண்மையில் தேவையானது அதுதான்.

ஆகவே சங்கத்துக்கு என்னுடைய வேண்டுகோள் ஒன்று. ஒவ்வொரு வருடமும் சில அக்காமாரை உயர்தர மாணவிகளிடம் அழைத்து வாருங்கள். உங்கள் வெற்றியைச் சொல்லுங்கள் என்று கேட்காதீர்கள். ஒரு தீர்மானத்தைச் சொல்லுங்கள் என்று கேளுங்கள்: அன்று கையில் என்ன இருந்தது, ஏன் அப்படிச் செய்தீர்கள், பிறகு என்ன வந்தது.

தோழிகளுக்கு மூன்று வேண்டுகோள்கள். பெரிய தீர்மானம் ஒன்றை எடுக்கும்போது, அதற்கான காரணங்களை ஒரு கொப்பியில் நாலு வரி எழுதித் திகதி போட்டு வையுங்கள். பெறுபேறு வந்த பிறகு மனம் பழைய காரணங்களை மாற்றிச் சொல்லும். கொப்பி மாற்றிச் சொல்லாது. அடுத்தது, ஆபத்தான ஒன்றைச் செய்து தப்பினால், தப்பியதை ஆதாரமாக எடுக்காதீர்கள். "மறுபடியும் பத்து முறை செய்தால் பத்து முறையும் தப்புவேனா?" என்று ஒரு தரம் கேளுங்கள். மூன்றாவது, கிளினிக் திகதிகளை உங்கள் மூளையை நம்பி விடாதீர்கள். வகுப்பு வட்ஸ்அப் குழுவில் பிறந்தநாள் வாழ்த்துகள் வருகின்றனவே, அதோடு சேர்த்து, "இந்த வருடம் பரிசோதனைக்குப் போனீரா?" என்றும் ஒருவரை ஒருவர் கேளுங்கள். ஒன்றும் இல்லை என்று பதில் வந்தால், கேக் படத்துக்குக் கைதட்டுவதுபோல அதற்கும் கைதட்டுங்கள். மூளை கொடுக்காத அந்தப் புள்ளியைத் தோழிகளாவது கொடுக்கலாம்.

எங்களுக்குக் கற்பித்த ஆசிரியைகள் பலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்கள் தீர்மானங்களின் பெறுபேறு எங்கே எப்படி முடிந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரிய வாய்ப்பே இல்லாமல் போயிருக்கும். நாங்கள் பள்ளியை விட்டுப் போனோம். நீங்கள் அடுத்த வகுப்புக்குக் கற்பிக்கத் தொடங்கினீர்கள். இன்று இந்த மண்டபத்தில் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள்.